பொதுத் தீர்வு

கணிதம் என்ற சொல்லைக் கண்டதுமே பக்கத்தைப் புரட்டிவிடும் இலக்கிய நண்பர்களிடம் முதலிலேயே ஒரு வேண்டுகோள்: சற்றே பொறுத்திருங்கள். இக்கட்டுரையில் நான்கே சமன்பாடுகள் வருகின்றன. அவற்றை நீங்கள் தீர்க்க வேண்டியதில்லை. ஒரு கேள்விக்கு எத்தனை விடைகள் இருக்கக்கூடும், கையில் கிடைத்த முதல் விடையோடு எழுந்து போய்விடும் பழக்கம் எங்கிருந்து வருகிறது, பதினாறு வயதில் அதை மாற்ற முடியுமா என்பவற்றைப் பற்றித்தான் நாங்கள் பேச விரும்புகிறோம்.

ஆரணி வட்டாரத்துப் பட்டு நெசவூர்களில் ஒன்றான பெரணமல்லூரில், மாலை வேளைகளில் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு நாங்கள் இருவர் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். வருகிறவர்களில் பாதிப் பேர் தறி இருக்கும் வீட்டுப் பிள்ளைகள். மீதிப் பேர் நெல்லும் மணிலாவும் பயிரிடும் வீட்டுப் பிள்ளைகள். ஏறக்குறைய எல்லோருமே தமிழ்வழியில் படிப்பவர்கள். ஆண்டுதோறும் அவர்கள் ஓர் இடத்தில் தவறாமல் தடுக்கி நிற்கிறார்கள். அது முக்கோணவியல் சமன்பாடு.

பத்தாம் வகுப்பில் இவர்கள் கற்றுவந்த முக்கோணவியல் வேறு. அங்கே கோணம் என்பது செங்கோண முக்கோணத்தின் ஒரு மூலை. பூச்சியத்துக்கும் தொண்ணூறுக்கும் இடையே அது அடங்கிக் கிடக்கும். கோபுரத்தின் உயரம், கப்பலின் தொலைவு என்று எதைக் கேட்டாலும் விடை ஒன்றே. இன்னொரு பக்கம் முற்றொருமைகள். இடப்பக்கமும் வலப்பக்கமும் சமம் என நிறுவு என்பார்கள். சமம் என்பது கேள்வியிலேயே சொல்லப்பட்டுவிட்டது. போய்ச் சேரும் வழியைக் காட்டினால் போதும். சமன்பாடோ இரு பக்கமும் எப்போது சமம், எந்தெந்தக் கோணங்களுக்குச் சமம் என்று கேட்கிறது. முற்றொருமை எல்லாக் கோணங்களுக்கும் மெய். சமன்பாடு சிலவற்றுக்கு மட்டுமே மெய். இந்த வேறுபாட்டை யாரும் உரக்கச் சொல்லாமல் விட்டுவிடுவதால், சமன்பாட்டைக் கண்டதும் மாணவர் பழக்கதோஷத்தில் அதை நிரூபிக்க முற்படுகிறார். மூன்று வரி போனதும் எங்கே போகிறோம் என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்துவிடுகிறார்.

முதல் சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். தெரியாத கோணத்துக்குக் 'க' என்று பெயர் வைப்போம். சைன் க = 1/2. விடை கேட்டால் வகுப்பு ஒருமித்த குரலில் முப்பது பாகை என்கிறது. சரிதான். வேறு விடை உண்டா என்று கேட்டால் ஓர் அமைதி. அது அறியாமையின் அமைதி என்று எங்களுக்குத் தோன்றவில்லை. விடை சொன்ன பிறகும் கேள்வி முடியாமலிருப்பது அவர்களுக்கு முறைகேடாகப் படுகிறது. பத்தாண்டுப் பள்ளிப் படிப்பில், விடையின் கீழே இரட்டைக் கோடு போட்டதும் கணக்கு முடிந்துபோயிருக்கிறது.

அந்த இடத்தில் நாங்கள் சூத்திரத்துக்குப் போவதில்லை. ஒரு மீட்டர் கயிற்றின் நுனியில் சுண்ணக்கட்டியைக் கட்டி, சிமென்ட் தரையில் ஒரு வட்டம் போடுகிறோம். மையத்தின் வழியே கிழக்கு மேற்காக ஒரு கோடு. ஒரு மாணவரை வட்டத்தின் கிழக்கு முனையில் நிறுத்தி, வட்டத்தின் மேலேயே வடக்கு நோக்கி நடக்கத் தொடங்கச் சொல்கிறோம். மையத்திலிருந்து பார்த்தால் அவர் எவ்வளவு திரும்பியிருக்கிறாரோ அதுவே கோணம். நடுக்கோட்டிலிருந்து வடக்கே எவ்வளவு விலகி நிற்கிறாரோ அது சைன். மையத்திலிருந்து கிழக்கே எவ்வளவு தள்ளி நிற்கிறாரோ அது கொசைன். தெற்கும் மேற்கும் கழித்தல் கணக்கில் சேரும். பிறகு ஐம்பது சென்டிமீட்டர் குச்சி ஒன்றைக் கொடுத்து, நடுக்கோட்டுக்கும் வட்டத்துக்கும் இடையே அது செங்குத்தாகச் சரியாகப் பொருந்தும் இடங்களைத் தேடச் சொல்கிறோம். வடபுறத்தில் இரண்டு இடங்கள் அகப்படுகின்றன: 30 பாகை, 150 பாகை. அந்த இரண்டாவது இடத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கண்ணுக்கே தெரிகிறது. "சுத்திக்கினே இருந்தா?" என்று யாரேனும் கேட்பார்கள். அதற்காகத்தான் காத்திருப்போம். ஒவ்வொரு சுற்றிலும் அதே இரண்டு இடங்கள். 360 பாகையைக் கூட்டிக்கொண்டே போகலாம். பின்னோக்கி நடந்தால் கழித்துக்கொண்டே போகலாம். விடைகளுக்கு முடிவில்லை, ஆயினும் அவை தாறுமாறாகச் சிதறிக் கிடக்கவில்லை. இரண்டே வரிசைகளில் அடங்கிவிடுகின்றன. பாடநூல் பொதுத் தீர்வு என்று சொல்வது இதைத்தான்.

இவ்விரு வரிசைகளையும் ஒரே சூத்திரமாக மடித்து வைப்பது வழக்கம். 180-இன் ஏதேனும் ஒரு மடங்கை எடுத்துக்கொள். மடங்கு இரட்டைப்படையானால் 30-ஐக் கூட்டு, ஒற்றைப்படையானால் கழி. சிக்கனமும் அழகும் உள்ள சூத்திரம். வட்டத்தைப் பார்த்தவருக்கு அது நினைவுக்குறிப்பு, பாராதவருக்கு மந்திரம். சைனுக்கு ஒன்று, கொசைனுக்கு ஒன்று, டேன்ஜன்ட்டுக்கு ஒன்று என மூன்று சூத்திரங்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கும் பிள்ளைகள், அவை தரும் கோணங்களில் முதல் நான்கை எண்ணாக எழுதச் சொன்னால் திகைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம்.

முக்கோணவியல் என்ற பெயரே வழியை மறித்து நிற்கிறதோ என்று சில சமயம் தோன்றும். சைன் என்ற சொல்லின் வரலாறு வட்டத்தில்தான் தொடங்குகிறது. வட்டத்தின் ஒரு பகுதியை வில் என்றும், அதன் இரு முனைகளை இணைக்கும் நேர்கோட்டை நாண் என்றும் நம் பிள்ளைகள் சிறு வகுப்புகளிலேயே படித்துவிடுகிறார்கள். சமஸ்கிருதத்தின் ஜ்யாவும் வில்லின் நாண்தான். கி.பி. 499-ஐ ஒட்டி எழுந்த ஆர்யபடீயம், 3438 கலைகள் ஆரமுள்ள வட்டத்தில், 225 கலைக்கு ஒன்று வீதம், கால் வட்டத்துக்கு 24 அரைநாண் மதிப்புகளைக் கணக்கிட வழி தருகிறது. ஜ்யாவின் மறுவடிவமான ஜீவா அரபுக்குப் போய் ஜீப ஆயிற்று. அரபு எழுத்தில் உயிர்க்குறிகள் விடுபடுவதுண்டாதலால், பின்னால் வந்தவர்கள் அதை ஜைப் என்று படித்தார்கள். ஜைப் என்றால் ஆடையின் மார்புப்புற மடிப்பு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அதை லத்தீனில் பெயர்த்தவர்கள், மடிப்பு என்றே பொருள்படும் சைனஸ் என்ற சொல்லை இட்டார்கள். நம் பக்கத்தில் சட்டைப்பையை ஜேப்பு என்கிறோமே, அதுவும் உருது வழியாக வந்த அதே அரபுச் சொல்தான். இதைச் சொன்னதும் வகுப்பு தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துச் சிரிக்கிறது. அதன் பிறகு சைன் என்பது மூன்றெழுத்து ஆங்கிலச் சுருக்கமாக நிற்பதில்லை. அரை நாண் என்ற மாத்திரத்தில் வில்லும் வட்டமும் கூடவே வந்துவிடுகின்றன.

மீண்டும் மீண்டும் வருதல் என்பதை விளக்க இவ்வூரில் நாங்கள் தொலைவு போக வேண்டியதில்லை. தறியின் மேலே ஜக்காடு பெட்டி இருக்கிறது. 1804-ஐ ஒட்டி லியோன் நகரத்து ஜக்கார் உருவாக்கிய பொறியின் வழிவந்தது அது. துளையிட்ட அட்டைகள் வரிசையாகக் கோக்கப்பட்டுத் தொங்கும். ஒவ்வோர் ஊடைக்கும் ஓர் அட்டை. துளை இருக்கும் இடத்துக் கொக்கி மேலே போகும். அதனோடு கட்டிய பாவு இழை எழும். துளை இல்லாத இடத்து இழை அப்படியே கிடக்கும். கடைசி அட்டை முதல் அட்டையோடு இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு சுற்று முடிந்ததும் அதே பூ மறுபடியும் விழத் தொடங்கும்.

ஒரு நாள் தறிவீட்டுப் பையன் ஒருவனிடம் இப்படிக் கேட்டோம். ஒரு கரைக்கு 240 அட்டைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குறிப்பிட்ட இழை 20-ஆவது அட்டையிலும் 100-ஆவது அட்டையிலும் மட்டும் எழுகிறது. அப்படியானால் சேலை முழுக்க அது எந்தெந்த ஊடைகளில் எழும்? அவன் யோசிக்கவே இல்லை. "இருபதும் நூறும் சார். அப்புறம் ஒவ்வொரு சுத்துக்கும் எரநூத்தி நாப்பது கூட்டிக்கணும்." பொதுத் தீர்வை அவன் சொல்லிவிட்டான். 240-ஐ 360 ஆக்கினால் 20 முப்பதாகும், 100 நூற்றைம்பதாகும் என்று கரும்பலகையில் எழுதியபோது, அவனுக்கு ஏதோ ஏமாற்றப்பட்டதுபோல் ஒரு முகம். இவ்வளவுதானா என்று கேட்கும் முகம் அது.

தறியில் எல்லாக் கணிதமும் இருக்கிறது என்று பெருமை பேச இதை எழுதவில்லை. ஒப்புமை சிறிது தூரம்தான் வரும். அட்டைகளை எண்ணலாம், கோணம் இடைவெளியின்றி வளரும். சேலை ஆறு கெஜத்தில் முடிந்துவிடும், சைன் முடியாது. இந்தக் கடைசி வேறுபாடும் ஒருவகையில் உதவுகிறது. 0 முதல் 360 வரை உள்ள தீர்வுகளை மட்டும் காண்க என்று வினாத்தாள் கேட்கும்போது, சேலையை எங்கே வெட்டுவது என்று சொல்கிறார்கள், அவ்வளவே. தவிரவும், தறிவீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஜக்காடு தெரியும் என்பதும் இல்லை. பிள்ளை தறிக்குழியில் இறங்கிவிடக் கூடாது என்றுதான் பல வீடுகளில் படிக்கவே அனுப்புகிறார்கள். அட்டையைத் தொட்டே பாராத பிள்ளைகளுக்குக் கடிகாரமும் தரை வட்டமும்தான் துணை.

இரண்டாவது சமன்பாடு: சைன் க = 2. இது ஒரு சோதனைக்காக. சூத்திரம் மட்டும் தெரிந்தவர்கள் இதற்கும் எதையாவது எழுதி வைப்பார்கள். வட்டத்தில் நின்றவர்கள் இரண்டு மீட்டர் குச்சி எங்கே பொருந்தும் என்று பார்த்துவிட்டுத் தயங்குவார்கள். பிறகு ஒருவர் மெதுவாக, "எதுவும் இல்ல சார்" என்பார். தீர்வில்லை என்பதும் முழுமையான ஒரு விடை என்று சொல்லும்போது, அவர் முகத்தில் தெரியும் நிம்மதி எங்களுக்குப் பிடித்தமானது. மெய்க்கோணங்களுக்குள் நின்று சொல்கிறோம் என்ற குறிப்பு மட்டும் போதும்.

மூன்றாவதிலும் நான்காவதிலும்தான் உண்மையான பாடம் இருக்கிறது. மூன்றாவது: சைன் 2க = கொசைன் க. இடப்பக்கத்தை விரித்தால் 2 சைன் க × கொசைன் க = கொசைன் க. இரு பக்கமும் கொசைன் நிற்கிறது. அடித்துவிடலாம் என்று கை துடிக்கும். அடித்தால் சைன் க = 1/2; விடைகள் 30, 150; கணக்கு முடிந்தது. ஆனால் 90 பாகையைப் போட்டுப் பாருங்கள். இடப்பக்கம் பூச்சியம், வலப்பக்கமும் பூச்சியம். 270-இலும் அவ்வாறே. ஒரு சுற்றில் உள்ள நான்கு விடைகளில் இரண்டு, ஒரே ஓர் அடித்தலில் போய்விட்டன. கொசைனால் வகுத்தபோது, அது பூச்சியமாக இருக்கக்கூடும் என்பதை நாம் கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்தினால், கொசைனும் தனக்குரிய விடைகளைச் சொல்லிவிட்டுத்தான் போகும்.

நான்காவது: சைன் க + கொசைன் க = 1. இரு பக்கத்தையும் வர்க்கப்படுத்தினால் 1 + சைன் 2க = 1, அதாவது சைன் 2க = 0. விடைகள் 0, 90, 180, 270. போட்டுப் பார்த்தால் முதலிரண்டும் சரி. 180-இல் சைன் 0, கொசைன் -1, கூட்டினால் -1. 270-இலும் -1. வர்க்கம் 1-ஐயும் -1-ஐயும் ஒரே முகமாக்கிவிடுவதால், கழித்தல் ஒன்றுக்கு உரிய விடைகளும் கூட்டத்தோடு உள்ளே வந்துவிட்டன. தரை வட்டத்தில் இது இன்னும் எளிது. கிழக்கே போன தூரமும் வடக்கே போன தூரமும் சேர்ந்து ஒரு மீட்டராகும் இடங்கள் எவை? கிழக்கு முனையும் வடக்கு முனையும் மட்டுமே.

முன்னதில் இருந்தவை தொலைந்தன. பின்னதில் இல்லாதவை வந்து ஒட்டிக்கொண்டன. இரண்டிலும் ஒவ்வொரு வரியும் பார்வைக்கு ஒழுங்காகவே இருந்தது. ஒழுங்கான வரிகள் தவறான இடத்தில் கொண்டுபோய் விடக்கூடும், ஆகவே எழுதிய விடையைத் திரும்பவும் கேள்வியிடமே கொண்டுபோய்க் கேட்க வேண்டும் என்பதைப் பள்ளிக் கணிதத்தில் இவ்வளவு தெளிவாகச் சொல்லும் வேறு பகுதி எங்களுக்குத் தெரியவில்லை.

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. எங்களிடம் வரும் பெண் ஒருத்தி, பள்ளித் தேர்வு ஒன்றில் மேற்சொன்ன மூன்றாவது சமன்பாட்டை வேறு வழியில் தீர்த்திருந்தாள். சைன் 2க-வைக் கொசைன் (90 - 2க) என்று மாற்றி, இரு கொசைன்களையும் ஒப்பிட்டிருந்தாள். அவளுக்குக் கிடைத்தவை இரண்டு வரிசைகள்: 30-இல் தொடங்கி 120 பாகைக்கு ஒன்று; 90-இல் தொடங்கி 360 பாகைக்கு ஒன்று. விடைக்குறிப்பில் இருந்தவை மூன்று வரிசைகள்: 90-இல் தொடங்கி 180-க்கு ஒன்று, 30-இல் தொடங்கி 360-க்கு ஒன்று, 150-இல் தொடங்கி 360-க்கு ஒன்று. இரண்டு எங்கே, மூன்று எங்கே! சிவப்பு மையில் குறுக்குக்கோடு விழுந்திருந்தது. தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டு விடைக்குறிப்போடு ஒப்பிடுகிற எந்தக் கைக்கும் இது நேரக்கூடியதே.

அவளிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, இரண்டு விடைகளையும் வட்டத்தில் புள்ளி வைக்கச் சொன்னோம். அவளுடைய முதல் வரிசை 30, 150, 270 என்று மூன்று புள்ளிகள் வைத்தது. இரண்டாவது, 90-இல் ஒன்று. விடைக்குறிப்பின் முதல் வரிசை 90, 270. மற்றவை 30, 150. அதே நான்கு புள்ளிகள். ஒவ்வொன்றின் மேலும் சுண்ணம் இரண்டு முறை விழுந்திருந்தது. வாத்தியாரிடம் போய்க் காட்டேன் என்றோம். அவள் தலையசைத்து மறுத்துவிட்டாள். "மார்க் போனா போவுது சார். இது ரைட்டுதானே?"

"நீயே சொல்லும்மா" என்றோம். வட்டத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "ரைட்டுதான்" என்றாள்.

மதிப்பெண்ணைவிட அந்தச் சொல் பெரிது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். மதிப்பெண்தான் அவளைக் கல்லூரிக்குக் கொண்டுபோகும். ஆனால் சரியா தவறா என்பதை விடைக்குறிப்பின் துணையின்றித் தானே பார்த்துத் தீர்மானிக்க முடியும் என்பதை அவள் அன்று அறிந்துகொண்டாள். அதை மதிப்பெண்ணால் கொடுக்க முடியாது, எடுக்கவும் முடியாது.

கவலை வேறொன்று இருக்கிறது. தொழிற்படிப்புகளுக்கான மாநில நுழைவுத் தேர்வு 2007-இல் நீக்கப்பட்டபோது, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு தடை விலகியது. ஆனால் பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாம் என்றானதும், பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தின. முக்கோணவியல் சமன்பாடு இருப்பதோ பிளஸ் ஒன்னில். 2017-18 முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2018-இல் புதிய பாடநூலும் வந்தது. 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வு மீண்டும் கைவிடப்பட்டிருக்கிறது. அடுத்தடுத்து மூன்று பொதுத்தேர்வுகள் பிள்ளைகளுக்குச் சுமைதான். அது திரும்பி வர வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. தேர்வு இல்லாத பாடம் நடத்தப்படாத பாடமாகிவிடும் என்ற பழைய அனுபவம் மட்டும் உறுத்துகிறது.

அப்படி விடுபட்டால் இழப்பு அடுத்த ஆண்டிலேயே தெரியும். பிளஸ் டூவில் நேர்மாறு முக்கோணவியல் சார்புகள் என்று ஒரு பாடம். அங்கே சைன் நேர்மாறுக்கு -90-க்கும் 90-க்கும் இடையே ஒரே ஒரு விடையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஏன் ஒன்று? சார்பு என்றால் ஒரு மதிப்புக்கு ஒரு விடைதான் தர வேண்டும். எண்ணற்ற விடைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. எண்ணற்றவற்றைப் பார்த்திராத பிள்ளைக்கு அந்த ஏற்பாடு இன்னொரு மனப்பாட வரி. பார்த்த பிள்ளைக்கு அது ஒரு தேர்வு. எவை விடப்பட்டன என்பதும் அவளுக்குத் தெரியும்.

இவர்களில் எத்தனை பேர் பொறியியலுக்குப் போவார்கள், எத்தனை பேர் கடைக்கோ தறிக்கோ திரும்புவார்கள் என்பதை நாங்கள் கணிக்க முயல்வதில்லை. எங்களிடம் இருப்பது ஒரே அளவுகோல். ஜூன் மாதத்தில், வேறு விடை உண்டா என்று நாங்கள்தான் கேட்க வேண்டியிருக்கும். செப்டம்பர் வாக்கில் ஒரு நாள், விடையின் கீழே கோடு போடப் போன கை நின்று, "இன்னும் இருக்குதா பாக்கணும் சார்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். எல்லா ஆண்டும் வருவதில்லை. வந்த ஆண்டுகளில், அதற்கு மேல் பொதுத் தீர்வைப் பற்றி நாங்கள் சொல்லிக்கொடுக்க அதிகம் இருந்ததில்லை.